நாற்றங்கால் வானம்: இளம் விண்மீன்களைக் கணினியால் தேடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறேன். தை அறுவடை முடிந்து வானம் தெளிந்ததும் மொட்டைமாடியில் சின்னத் தொலைநோக்கி ஒன்றை வைத்து ஊர்க்காரர்களுக்கு வானம் காட்டுவது சில வருடப் பழக்கம். ராத்திரியில் மடிக்கணினியில் இளம் விண்மீன்களைப் பிரித்தெடுக்கும் வேலையும் பொழுதுபோக்காகச் செய்கிறேன் என்று ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அதிலிருந்து மாடிக்கு வருகிறவர்கள் நிலாவை விட்டுவிட்டு இதைத்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

இளம் விண்மீன் என்றால் எவ்வளவு இளசு?

சூரியனுக்கு இப்போது 460 கோடி வயது. அதன் மொத்த ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டுகள். நாங்கள் தேடுகிறவை பெரும்பாலும் பத்து, இருபது லட்சம் ஆண்டு வயதுள்ளவை. கேட்க ஏராளமாகத் தோன்றும். 1,000 கோடியை 80 வயது மனித ஆயுளாகச் சுருக்கினால் 20 லட்சம் ஆண்டு என்பது பிறந்து ஆறாம் நாள். தொட்டில்கூட இன்னும் கட்டியிருக்க மாட்டார்கள். அவற்றிலும் சிறிய பருவம் ஒன்று உண்டு, லட்சம் ஒன்றரை லட்சம் ஆண்டுதான். அதே கணக்கில் பிறந்து ஏழு முதல் பத்து மணி நேரம்.

இந்தப் பருவத்தில் சூரியனைப் போன்ற விண்மீனின் நடுவே ஹைட்ரஜன் எரிப்பு முறையாகத் தொடங்கியிருக்காது. அது சுருங்குவதால் வரும் வெப்பத்தில்தான் ஒளிர்கிறது. சுற்றிலும் வாயுவும் தூசியும் தட்டுப்போலச் சுழன்றுகொண்டிருக்கும். பின்னாளில் கோள்கள் உருவாவது அந்தத் தட்டில்தான்.

நம் ஊரிலிருந்து வெறும் கண்ணால் தெரியுமா?

பிறக்கிற இடம் தெரியும், பிள்ளை தெரியாது. தை கடைசியில் ராத்திரி 9 மணிக்கு ஓரியன் கூட்டம் கிட்டத்தட்ட தலைக்கு மேலே நிற்கும். திருவாதிரை நட்சத்திரம் இருக்கிற அதே கூட்டம்தான். நடுவில் வரிசையாக மூன்று விண்மீன்கள், அவற்றுக்குக் கீழே வாள் மாதிரி ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டின் நடுவில் லேசாகப் பஞ்சு ஒட்டியது போலத் தெரிவது ஓரியன் நெபுலா. வாயுவும் தூசியும் சேர்ந்த மேகம், சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில் உள்ள நாற்றங்கால் அது. ஆயிரக்கணக்கான இளம் விண்மீன்கள் அங்கே இருக்கின்றன.

ரோகிணி தெரியும் ரிஷபத்தின் திசையில் இன்னொரு பெரிய மேகம், சுமார் 450 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. மேட்டூர் திறக்கும் ஜூன் 12 வாக்கில் ராத்திரி 11 மணிக்குத் தெற்கே பார்த்தால் சிவப்பாகக் கேட்டை தெரியும். அதற்குப் பக்கத்திலேயே ரோ ஒஃபியூக்கி மேகம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023 ஜூலையில் அங்கே எடுத்த படத்தைப் பலர் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். நம் கண்ணுக்கு அந்த இடம் வெறும் இருட்டுதான். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் என்னைக் கூப்பிடாதீர்கள், மழை.

கண்ணுக்கே தெரியாததை எப்படி அடையாளம் காண்பது?

அரிசி ஆலைக்குப் பின்னால் உமி மூட்டம் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? வெளியே சாம்பல் நிறக் குவியல், தீ எங்கேயும் தெரியாது. ஆனால் கையை நீட்டினால் அனல் அடிக்கும். இளம் விண்மீன் விஷயமும் அப்படித்தான். தூசி அதன் வெளிச்சத்தை விழுங்கிச் சூடாகி, அந்தச் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாக வெளியே விடுகிறது. வெறும் விண்மீன் ஒன்று எவ்வளவு அகச்சிவப்பு தரவேண்டுமோ, அதைவிடக் கூடுதலாக வருகிறதா என்று பார்ப்போம். அந்தக் கூடுதல்தான் முதல் தடயம்.

நாசாவின் வைஸ் தொலைநோக்கி 2009 டிசம்பரில் விண்ணுக்குப் போனது. வானம் முழுவதையும் 3.4, 4.6, 12, 22 மைக்ரோமீட்டர் என்ற நான்கு அகச்சிவப்பு அலைநீளங்களில் அது படம் எடுத்தது. ஒரு விண்மீனின் பொலிவெண் 3.4-இல் 9.0, 4.6-இல் 8.9 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 0.1தான், தூசி இல்லாத சாதாரண விண்மீனாக இருக்கும். இன்னொன்றுக்கு 9.0, 8.3. பொலிவெண்ணில் எண் குறைந்தால் வெளிச்சம் கூடுதல் என்று அர்த்தம், இந்தத் தலைகீழ்க் கணக்கு எல்லோரையும் முதலில் குழப்பும். ஆக இரண்டாவதற்கு நீண்ட அலைநீளத்தில் 0.7 அளவு பொலிவு அதிகம். அதைச் சுற்றித் தூசித் தட்டு இருக்கலாம். இப்படி இரண்டு அலைநீளங்களுக்கு இடையே வரும் வித்தியாசத்தை வானியலில் நிறம் என்பார்கள்.

வகுப்பு 0, வகுப்பு 1 என்றெல்லாம் சொல்கிறார்களே?

வளர்ச்சிப் படிகள். 1980-களில் சார்லஸ் லாடா என்ற வானியலாளர் அகச்சிவப்பு ஒளி அலைநீளத்தோடு கூடுகிறதா குறைகிறதா என்பதை வைத்து 1, 2, 3 என்று பிரித்தார். தூசி உறைக்குள் ஆழப் புதைந்திருக்கும் 0 வகுப்பு 1993-இல் வந்து சேர்ந்தது. முளைவிட்ட விதை, நாற்று, தூர் கட்டிய பயிர் என்று நினைத்துக்கொண்டால் போதும். மூன்றாம் வகுப்பில் தட்டு ஏறக்குறைய கரைந்துபோயிருக்கும், அதனால் அகச்சிவப்பை வைத்து அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

இதற்குக் கணினி எதற்கு? ஒருவர் உட்கார்ந்து பார்த்தால் ஆகாதா?

ஒரு மேகத்துக்கு ஆகும். 1945-இல் ஆல்ஃபிரட் ஜாய் இப்படித்தான் டி டாவ்ரி வகை விண்மீன்களை (இவை இளம் விண்மீன்கள் என்று பின்னால் தெரிந்தது) தனி இனமாகப் பிரித்துச் சொன்னார். அவர் பட்டியலில் இருந்தவை பதினொன்று. இப்போது வைஸ் பட்டியலில் ஏறத்தாழ 75 கோடிப் பொருள்கள். ஐரோப்பாவின் கையா விண்கலம் 2022 ஜூனில் வெளியிட்ட மூன்றாவது தொகுப்பில் 180 கோடிக்கும் மேல். ஒரு விண்மீனுக்கு ஒரு வினாடி என்று தூங்காமல் பார்த்தாலும் 180 கோடியை முடிக்க 57 வருடம் ஆகும்.

ஜாய் காலத்துக்கும் இன்றைக்கும் நடுவில் ஆட்கள் கோடு போட்டுப் பிரித்தார்கள். ஒரு நிறத்தைக் கிடைமட்டத்திலும் இன்னொரு நிறத்தைச் செங்குத்திலும் வைத்துப் படம் வரைந்து, இந்தக் கோட்டுக்கு அந்தப்பக்கம் இருப்பதெல்லாம் இளம் விண்மீன் என்பார்கள். நல்ல வழிதான், இன்றும் பயன்படுகிறது. இரண்டு நிறங்களை வைத்துத் தாளில் கோடு போடலாம். பத்து நிறங்கள், தூரம், ஒளி ஏற்ற இறக்கம், சுற்றுப்புறத் தூசி எல்லாவற்றையும் சேர்த்தால் எந்தத் தாளில் போடுவது?

மெஷின் லேர்னிங் இதில் சரியாக என்ன செய்கிறது?

விதைப்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். வயலில் கலவன், அதாவது கலந்து முளைத்த வேற்று ரகப் பயிர், எடுக்க இறங்கும் ஆட்களைப் பாருங்கள். உயரம் கொஞ்சம் தப்பினது, கண்ணாடி இலை சாய்ந்த விதம், கதிர் முன்னாடி வந்தது, நெல்லின் நுனி நிறம் என்று ஒரு பார்வையில் எடைபோட்டுப் பிடுங்கிக்கொண்டே போவார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. ‘பார்த்தா தெரியுதே சார்’ என்பார்கள். ஆயிரம் கதிர்களைப் பார்த்து, தப்பாகப் பிடுங்கித் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டது அது.

கணினியை உதாரணம் காட்டிப் பழக்கும் மெஷின் லேர்னிங்கிலும் அதேதான். இவை உறுதியான இளம் விண்மீன்கள், இவை உறுதியாக அப்படியில்லாதவை என்று சில ஆயிரம் உதாரணங்களை அடையாளச்சீட்டோடு கொடுக்கிறோம். அதிகம் புழங்கும் முறைக்கு ரேண்டம் ஃபாரஸ்ட் என்று பெயர், லியோ பிரைமன் 2001-இல் முழுதாக வகுத்துக் கொடுத்தார். நூற்றுக்கணக்கான முடிவு மரங்களை அது வளர்க்கும். ஒவ்வொரு மரமும் உதாரணங்களில் ஒரு பங்கை மட்டும், அளவுகளில் சிலவற்றை மட்டும் பார்த்து, ‘இந்த நிறம் 0.4-க்கு மேலா? ஆம் என்றால் அந்த நிறம் 1-க்கு மேலா?’ என்று கேள்வி கேட்டுப் பிரிக்கும். தனித்தனியாக எந்த மரமும் பெரிய கெட்டிக்காரன் இல்லை. எல்லா மரங்களும் ஓட்டுப் போடும். 500 மரத்தில் 460 மரம் இளம் விண்மீன் என்றால் அதற்கு 0.92 மதிப்பெண்.

இன்னொரு வழியில் அடையாளச்சீட்டே வேண்டாம். அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்கள் வருவார்களே, தூரத்து வரப்பில் நின்று பார்த்தால் எந்த வாத்து எந்தக் கூட்டம் என்று எப்படித் தெரிகிறது? சேர்ந்து நகர்வதை வைத்துத்தான். ஒரே மேகத்தில் பிறந்த விண்மீன்களும் கொஞ்ச காலம் ஒரே திசையில், ஒரே வேகத்தில் போகும். கையா அந்த நகர்வை அளந்து கொடுத்திருக்கிறது. தட்டு கரைந்துபோன மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிடிக்க இதுதான் நல்ல வழி.

கணினியை ஏமாற்றுவது எது?

நிறைய. முதலில் கிழங்கள். சாகப்போகும் பெரிய சிவப்பு விண்மீன்கள் தங்களைச் சுற்றித் தூசியைக் கக்கிக்கொண்டிருக்கும். அகச்சிவப்பில் பார்த்தால் அப்படியே பச்சைக்குழந்தை மாதிரி இருக்கும். பிறக்கும்போதும் போகும்போதும் முகம் ஒரேபோலச் சுருங்கியிருக்கிற கதைதான். அடுத்து, நம் பால்வீதியைப் போன்ற தொலைதூர விண்மீன் மண்டலங்கள். அங்கே கருந்துளையைச் சுற்றியும் சூடான தூசி உண்டு. மங்கலான பொருள்களை நோக்கிப் போகப் போக இவற்றின் தொல்லை அதிகம். அப்புறம், நமக்கும் அதற்கும் நடுவே தூசி மேகம் இருப்பதால் சிவந்து தெரியும் சாதாரண விண்மீன்கள். படத்திலேயே வரும் கோளாறும் உண்டு. நெபுலா பளபளவென்று இருக்கும் இடத்தில் 12, 22 மைக்ரோமீட்டர் படங்களில் விண்மீனே இல்லாத இடத்தில் மேகத்தின் ஒரு முடிச்சை விண்மீன் என்று மென்பொருள் எண்ணிவிடும். வைஸின் பார்வைக் கூர்மை அந்த அலைநீளங்களில் குறைவு, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு விண்மீன்கள் ஒன்றாகிவிடும்.

99 சதவீதம் சரியாகச் சொல்கிறது என்றால் போதாதா?

போதாது. இந்தக் கேள்விக்கு மட்டும் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுவேன். ஒரு லட்சம் பொருள்களில் 500 மட்டும் உண்மையான இளம் விண்மீன்கள் என்று வைத்துக்கொள்வோம். கணினி எந்தப் பக்கத்திலும் நூற்றுக்கு 99 சரியாகச் சொல்கிறது. 500-இல் 495 பிடித்துவிடும், பிரமாதம். மீதி 99,500-இல் நூற்றுக்கு ஒன்று தவறு, அதாவது 995 வேண்டாதவை உள்ளே வந்துவிடும். கையில் இருக்கும் பட்டியலில் 1,490 பெயர்கள், அதில் 995 பொய். மூன்றில் இரண்டு பங்கு பதர்!

இன்னும் ஒரு கூத்து. ‘இளம் விண்மீனே இல்லை’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்லும் சோம்பேறிக் கணினிக்கு இந்தக் கணக்கில் 99.5 சதவீதம் மதிப்பெண்! அதனால் ஒட்டுமொத்தச் சதவீதத்தை யாராவது பெருமையாகச் சொன்னால், பிடித்ததில் எத்தனை உண்மை, உண்மையில் எத்தனையைப் பிடித்தாய் என்று இரண்டு கேள்வி தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டையும் ஒரேயடியாக உயர்த்துவது கஷ்டம். நெல் தூற்றும்போது காற்று பலமாக அடித்தால் பதரோடு அரைகுறையாய்ப் பால் பிடித்த கருக்காயும் பறந்துவிடும். காற்று மெதுவாக இருந்தால் எல்லாம் குவியலிலேயே விழும். மதிப்பெண் 0.9-க்கு மேல் மட்டும் எடுப்பதா, 0.5 போதுமா என்பது அந்தக் காற்றின் வேகம் மாதிரி, வேலையைப் பொறுத்து நாம் வைத்துக்கொள்வது.

பட்டியலில் இருப்பவற்றை ஏன் ‘வேட்பாளர்’ என்கிறார்கள்?

மனு தாக்கல் செய்தவரெல்லாம் எம்.எல்.ஏ. ஆவதில்லையே, அதே காரணம். 2021-இல் வெளியான ஸ்பைசி என்ற பட்டியலில் 1,17,446 இளம் விண்மீன் வேட்பாளர்கள் இருக்கிறார்கள். நாசாவின் ஸ்பிட்சர் அகச்சிவப்பு விண்தொலைநோக்கியின் படங்களிலிருந்து ரேண்டம் ஃபாரஸ்ட் முறையில் எடுத்தது. 2016-இல் ஹங்கேரிக் குழு ஒன்று வைஸ் தரவில் இன்னொரு கற்றல் முறையைப் போட்டு ஒன்று, இரண்டாம் வகுப்பு வேட்பாளர்கள் 1,33,980 என்று எடுத்தது. கையாவின் மூன்றாவது தொகுப்பு, ஒளி கூடிக் குறைவதை வைத்து 79,375 என்றது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று அப்படியே பொருந்தாது. பொருந்தவும் வேண்டியதில்லை. கையா கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பார்த்தது, உறைக்குள் புதைந்த 0, 1 வகுப்புகள் பெரும்பாலும் அதற்குத் தெரியவில்லை. ஸ்பிட்சர் பார்த்தது பால்வீதியின் உள்பட்டையை. பத்திரிகையில் ‘லட்சம் புதிய விண்மீன்கள் கண்டுபிடிப்பு’ என்று தலைப்பு வந்தால் எனக்கு வரும் எரிச்சலுக்கு இதுதான் காரணம். விண்மீன் பழையது, அதன் மேல் ஒட்டிய சீட்டுதான் புதியது.

அப்படியென்றால் வெற்றி பெற்றதை யார் அறிவிப்பது?

நிறமாலை. பெரிய தொலைநோக்கியைத் திருப்பி, ஒளியைப் பட்டையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 656.3 நானோமீட்டரில் ஹைட்ரஜன் கோடு பளிச்சென்று எழுந்து நின்றால் தட்டிலிருந்து வாயு விண்மீன் மேல் விழுந்துகொண்டிருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். 670.8-இல் லித்தியத்தின் கருங்கோடு இருந்தால் இன்னும் உறுதி. சூரியனைப் போன்ற, அதைவிடச் சிறிய விண்மீன்கள் வயதாக ஆக லித்தியத்தைத் தின்றுவிடும். மிச்சம் நிறைய இருக்கிறதென்றால் இளசு. நம் பக்கத்தில் ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தில் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி உண்டு. லடாக்கில் ஹான்லேவில் 4,500 மீட்டர் உயரத்தில் இரண்டு மீட்டர் தொலைநோக்கி. நைனிடால் பக்கம் தேவஸ்தலில் 3.6 மீட்டர். ஆனால் ஒரு ராத்திரியில் எத்தனை விண்மீனைப் பார்த்துவிட முடியும்? லட்சம் வேட்பாளர், கைவிரலில் எண்ணும் ராத்திரிகள். அதனால்தான் முதலில் சலித்துக் கொடுக்கும் கணினிக்கு இவ்வளவு மரியாதை.

நீங்கள் செய்ததில் தப்பு நடந்ததுண்டா?

முதல் முயற்சியே தப்பு. நான் பயிற்சி கொடுத்த கணினி மாதிரி (மாடல்) சோதனையில் அபாரமாகத் தேறியது, நூற்றுக்கு 98 பிடித்தது. வீட்டில் எல்லோரையும் எழுப்பிச் சொன்னேன். மறுநாள் வானப் படத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் என் வேட்பாளர்கள் எல்லாம் ஓரியனிலும் ரிஷபத்திலும் குவிந்து கிடக்கிறார்கள், வேறெங்கும் ஒருவருமில்லை. அட்டவணையில் ஒவ்வொரு விண்மீனின் வான இடமும் இரண்டு பத்தியாக இருந்தது, அதை நீக்க மறந்து அப்படியே கொடுத்துவிட்டேன். நான் பயிற்சிக்குக் கொடுத்த இளம் விண்மீன்கள் அந்த இரண்டு மேகங்களிலிருந்து மட்டும் வந்தவை. கணினி நிறத்தை எல்லாம் பார்க்கவே இல்லை, ஊர்ப் பெயரைப் படித்துவிட்டு ஆமாம் போட்டிருக்கிறது. மூட்டையைப் பிரிக்காமல் மேலே எழுதிய ஊரைப் பார்த்து நெல்லுக்கு விலை சொல்வது போல.

அந்தப் பத்திகளை எடுத்ததும் மதிப்பெண் 98-லிருந்து மளமளவென்று இறங்கியது. இறங்கின பிறகுதான் வேலை தொடங்கியது. இன்னும் முழுதாகச் சரியாகவில்லை, ஏனென்றால் கிட்டத்து மேகங்களில் படித்த மாதிரிக்கு ஏழெட்டாயிரம் ஒளியாண்டு தள்ளி, தூசி அடர்ந்த இடத்தில் இருக்கும் பிள்ளையை அடையாளம் தெரிவதில்லை. வண்டலில் பழகின ஆள் வானம்பார்த்த பூமியில் போய் நிற்கும் நிலைமை. இப்போதெல்லாம் ஒரு மேகத்தை முழுதாக ஒளித்து வைத்துவிட்டு, மற்றவற்றில் பயிற்சி கொடுத்து, ஒளித்ததில் சோதிக்கிறேன்.

வீட்டிலிருந்தே மாணவர்கள் செய்ய முடியுமா?

முடியும், காசு செலவில்லை. கையா, வைஸ் தரவு எல்லாம் இணையத்தில் இலவசம். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் மையம் நடத்தும் விசியர் தளத்தில் வெளியான பட்டியல்கள் கிடைக்கும், சிம்பாத் தளத்தில் ஒரு விண்மீனைப் பற்றி ஏற்கெனவே யார் என்ன சொன்னார்கள் என்று பார்க்கலாம். டாப்காட் என்ற மென்பொருளில் இரண்டு பட்டியல்களை இடம் வைத்துப் பொருத்தலாம். பைத்தான் நிரல்மொழியும், அதில் மெஷின் லேர்னிங்குக்கான சைகிட்-லேர்ன் தொகுப்பும் தெரிந்தால் ஐம்பது வரியில் ஒரு மாடல் ஓடும். பழைய மடிக்கணினியே போதும், முழு வானத்தையும் இறக்காமல் ஒரு மேகத்தைச் சுற்றி இரண்டு டிகிரி வட்டம் மட்டும் எடுங்கள். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி ‘சார், இதுல பாதி வேலை அட்டவணையைத் துடைக்கிறதுதானே?’ என்று கேட்டாள். பாதி இல்லை அம்மா, முக்கால்வாசி.

தொலைநோக்கி இருந்தால் அதற்கும் வேலை உண்டு. 2004 ஜனவரியில் ஜே மெக்நீல் என்ற அமெரிக்க ஆர்வலர் மூன்று அங்குலத் தொலைநோக்கியில் ஓரியன் பக்கம் எடுத்த படத்தில் அதுவரை இல்லாத ஒரு சிறு மேகத்தைக் கண்டார். உள்ளே ஓர் இளம் விண்மீன் திடீரென்று வீங்கி ஒளிர்ந்து சுற்றியிருந்த தூசியை வெளிச்சமாக்கியிருந்தது. இன்று அது அவர் பெயரில் மெக்நீல் நெபுலா.

ராசிபலனுக்கு இதனால் ஏதாவது மாறுமா?

மாறாது.

இதனால் நமக்கு என்ன பயன் சார்?

கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு மூன்று நாள் காத்துக் கிடந்துவிட்டு வந்த ஒரு பெரியவர் கேட்டார். நெல் விலைக்கு ஒன்றும் ஆகாது ஐயா என்று உண்மையைச் சொன்னேன். பிறகு ரிஷபத்தில் உள்ள ஹெச்.எல். டாவ்ரி என்ற இளம் விண்மீனின் படத்தைக் காட்டினேன். சிலியில் உள்ள அல்மா தொலைநோக்கிகள் 2014-இல் எடுத்தது. ஆரஞ்சு நிறத் தட்டில் வட்டம் வட்டமாகக் கருப்பு வரிகள், கோள்கள் உருவாகும்போது தூசியை விலக்கி உண்டாக்கிய தடங்களாக இருக்கலாம் என்கிறார்கள். அவர் கைபேசியை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். ‘பரம்படிச்ச சேறு மாதிரி இருக்கு. நம்ம பூமியும் இப்படித்தான் கிடந்துச்சா?’ என்றார். ஏறக்குறைய இப்படித்தான் என்றேன்.

ஏ.ஐ. வந்துவிட்டதே, இனி ஆள் எதற்கு?

சிலியில், வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கும் வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. முழுவீச்சில் ஓடும்போது ஒரே ராத்திரியில் ஒரு கோடி வரை, வானில் ஏதோ மாறியிருக்கிறது என்ற அறிவிப்புகள் வரலாம் என்கிறார்கள். அதை மனிதர் யாரும் படிக்கப்போவதில்லை, சரி. ஆனால் பயிற்சிக்குக் கொடுக்கும் சீட்டு ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் குளிரில் உட்கார்ந்து நிறமாலை எடுத்து எழுதியது. அவர் தப்பாக எழுதியிருந்தால் கணினி அதை நம்பி லட்சம் முறை தப்பாகச் சொல்லும். இதுவரை யாரும் பார்க்காத வகை ஒன்று வந்தாலும் தெரிந்த பெட்டிகளில் ஏதோ ஒன்றில்தான் போடும்.

அடுத்து எப்போது மாடிக்கு வரலாம்?

தாளடி அறுப்பு முடியட்டும், மாசியில் அமாவாசையை ஒட்டி. ஏழரை மணிக்கு மேல் வாருங்கள், எதிர்வீட்டுத் தெருவிளக்கை அணைக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். பனி இறங்கும், குழந்தைகளுக்குத் தலையில் துண்டு கட்டிக் கூட்டி வாருங்கள்.